முதல் பாடத்தின் பூட்டு

நடந்த அநியாயங்களை வரிசை மாறாமல் சொல்கிறேன். வரிசை மாறினால் செய்தவனுக்கு வசதியாகிவிடும்.

முதலாவது: எங்கள் ஊர் ஷூ கம்பெனியில் பசை வைத்திருக்கும் சொல்யூஷன் ரூமின் பின்கதவை வெளியிலிருந்து பூட்டினார்கள். பெண்கள் அடிக்கடி எழுந்து போய் வெளியே மூச்சு வாங்குகிறார்கள், வேலை கெடுகிறது என்று காரணம் சொன்னார்கள்.

இரண்டாவது: அந்த அறையின் முன்பக்கம் தீப்பிடித்தபோது பின்கதவுச் சாவி வந்து சேரவில்லை. உள்ளே நான்கு பெண்கள். அவர்களில் மூத்தவள் எக்ஸாஸ்ட் ஃபேனைச் சட்டத்தோடு பிடுங்கிப் போட்டுவிட்டு, அந்த ஓட்டை வழியாக மற்ற மூவரையும் ஒவ்வொருவராக வெளியே தள்ளினாள். அவள் பருத்த உடம்புக்காரி. அந்த ஓட்டையில் தான் நுழைய முடியாது என்பது பிடுங்கும்போதே அவளுக்குத் தெரியும்.

மூன்றாவது: மறுநாள் பேப்பரில் ‘பெண் தொழிலாளி பலி’ என்று போட்டார்கள். பெயர் போடவில்லை.

நான்காவது: எங்கள் ஊர்க் கம்பெனிக்கு மேலே ஜெர்மனியில் ஒரு தாய்க் கம்பெனி இருக்கிறது. அதன் ஆண்டறிக்கையில், ‘மூன்று உயிர்களைக் காத்த எங்கள் பாதுகாப்பு ஏற்பாடுகளுக்கு நன்றி’ என்று அச்சடித்தார்கள்.

ஐந்தாவது: சங்கத்தின் சார்பில் அந்தத் தாய்க் கம்பெனிக்கு மனு அனுப்பினோம். எழுதியவன் நான். மனு எழுதும் முறைப்படி ‘பொருள்’ என்ற இடத்தில் இப்படி எழுதினேன்: தீ விபத்து – மரணம் – விசாரணை – வேண்டா – தொடர்பாக.

இறந்தவளின் பெயர் வேண்டா.

வீட்டில் ஐந்தாவது பெண். இனிமேல் பெண் வேண்டாம் என்று சாமிக்குச் சொல்லி அனுப்ப வைத்த பெயர். எங்கள் பக்கத்தில் தெருவுக்கு ஒரு வேண்டா உண்டு. இவள் அதை வைத்தே விளையாடுவாள். கேன்டீனில் “டீ வேணுமா, வேணாமா?” என்று கேட்டால் “வேண்டாவுக்கு வேணும்” என்பாள். தினமும் அதே ஜோக். தினமும் சிரிப்பார்கள்.

ஆறாவது: பதில் வந்தது, மேலே ஜெர்மனில், கீழே தமிழில். மனுவின் உள்ளே இருந்ததை யாரும் தொடவில்லை. பொருளை மட்டும் மொழிபெயர்த்திருந்தார்கள். கம்ப்யூட்டர் செய்ததோ, கண்ணுள்ள மனிதன் செய்தானோ தெரியாது. ‘விசாரணை வேண்டா என்ற உங்கள் கருத்தை மதிக்கிறோம். உங்கள் புரிதலுக்கு நன்றி.’

ஏழாவது: அது ஒரு பெண்ணின் பெயர் என்று விளக்கி மறுபடி எழுதினோம். அதற்குப் பதிலே இல்லை. கேள்வி முடிந்துவிட்டது என்று வைத்துக்கொண்டார்கள்.

அந்தப் பொருளை நான் சரியாகத்தான் எழுதினேன். மாற்றி எழுது என்று இன்று சொன்னாலும் மாற்ற மாட்டேன். ஒரு மனுஷியின் பெயரைப் பெயராகப் படிக்கத் தெரியாதது படித்தவன் குற்றம்.

இனி, நான் சீடனான கதை.

*

அந்தக் கம்பெனியின் பங்குதாரர்கள் வருடம் ஒருமுறை கூட்டம் போடுவார்கள். ஒரே ஒரு பங்கு வைத்திருப்பவரும் அதில் பேசலாம். அங்கே மனசாட்சியுள்ள சிலர் ஒரு பங்கை வாங்கி வைத்துக்கொண்டு, பேசும் உரிமையை எங்களைப் போன்றவர்களுக்குக் கொடுக்கிறார்கள். அப்படி ஒரு உரிமை எனக்கு வந்தது. கம்ப்யூட்டர் வழியாகவே பேசலாம். பேசியதை ஒரு நோட்டரி எழுதிக்கொள்வார். அவர் எழுதியதைக் கம்பெனியால் அழிக்க முடியாது. அதில் பெயர் ஏறிவிட்டால், விசாரணை கேட்டது யாருக்காக என்பதை அதன் பிறகு எவனும் திரித்துப் படிக்க முடியாது.

ஒரே ஒரு விதி. ஜெர்மனில்தான் பேச வேண்டும். வேண்டுமானால் மொழிபெயர்ப்பாளரைக் கம்பெனியே கொடுக்கும்.

“அவங்க மொழிபெயர்ப்பப் பாத்தாச்சு,” என்றாள் ஷமீலா. அந்த ஓட்டை வழியாக வெளியே வந்தவர்களில் அவள் ஒருத்தி. இப்போது சங்க ஆபீஸில் கணக்கும் கம்ப்யூட்டரும் அவள் கையில். “நீங்களே கத்துக்குங்க தோழரே.”

“எனக்கு அறுபத்தெட்டு.”

“ஜெயில்ல உண்ணாவிரதம் இருக்கும்போது வயசு கேட்டீங்களா?”

அவள்தான் தேடி எடுத்தாள். இணையத்தில் இலவச ஜெர்மன் பாடம். முட்டத்தில் கடலோரத்தில் இருந்து டெல்ஃபின் என்ற பெண் நடத்துகிறார். முப்பத்து நான்கு வயது. ஜெர்மனியில் ஆஸ்பத்திரி நர்ஸாக இருந்து திரும்பியவர். வெளிநாடு போகக் காத்திருக்கும் நர்ஸ் பெண்கள்தான் அவரிடம் படிப்பவர்கள்.

இலவசம் என்றால் எனக்கு உடம்பு கூசும். இலவச வேட்டிக்குப் பின்னால் ஓட்டு இருக்கும், இலவச முகாமுக்குப் பின்னால் மாத்திரைக் கம்பெனி இருக்கும் என்று எழுதி அச்சடித்துத் தெருத்தெருவாகக் கொடுத்தவன் நான். போன் போட்டேன்.

“இந்தப் பாடத்துக்கு யாரு காசு போடுறாங்க?”

“என் நெட்டுக்கு நான் போடுறேன். உங்க நெட்டுக்கு நீங்க போடுங்க.”

“உங்களுக்கு இதுல என்ன லாபம்?”

“இந்தக் கேள்விய ஜெர்மன்ல கேளுங்க. அன்னைக்குப் பதில் சொல்றேன்.”

போனுக்குள் கடற்காக்கை கத்தியது. நான் போன் போட்ட விஷயத்தைச் சொன்னேன். தீ, சாவி, மனு, பதில் எல்லாவற்றையும் வரிசை மாறாமல் சொன்னேன்.

“பாடம் அனுப்புறேன் ஐயா.”

“ஐயா வேணாம். தோழர்.”

“சரி தோழர். முதல் பாடத்த முடிங்க. ரெண்டாவது தானாத் திறக்கும்.”

*

முதல் பாடம் ஒரே ஒரு சொல். போன் திரையில் ஒரு மைக் படம். அதைத் தொட்டுக்கொண்டு அந்தச் சொல்லைச் சொல்ல வேண்டும். சொன்னால் அடுத்த பாடத்தின் பூட்டு திறக்கும்.

சொல்: டாங்கெ. நன்றி.

கம்பெனிக் கடிதத்தின் கடைசி வரியில் இருந்த சொல் அதுதான். ஜெர்மன் மொழியில் நான் முதன்முதலில் பார்த்த சொல்லும் அதுதான். போனைக் கீழே வைத்தேன்.

மறுநாளும் பூட்டு இருந்தது. அதற்கு மறுநாளும்.

“இன்னா தோழரே, ஒரு வாரமா ஒண்ணாம் பாடத்துலயே நிக்கிறீங்க?” என்றாள் ஷமீலா. “சொல்லிட்டுப் போங்களேன். அது இன்னா உங்கள கால்ல வுழச் சொல்லுதா?”

“கேட்டு வாங்கினது உரிமை. உரிமைக்கு நன்றி கிடையாது. இத எழுதி எத்தனை மே தினத்துக்குக் கொடுத்திருக்கேன் தெரியுமா?”

“தெரியும். நாந்தான மடிச்சேன்.”

டீச்சருக்குப் போன் போட்டேன்.

“பாடம் பூட்டியிருக்கு. ரெண்டாவதத் திறந்து விடுங்க.”

“முதல் பாடத்தச் சொல்லுங்க.”

“நான் ஆஸ்பத்திரிக்கு வேலைக்குப் போகல. வழக்குப் பேசப் போறேன். குற்றம், சாவு, பூட்டு, சாவி. இந்தச் சொல்லெல்லாம் கொடுங்க. இந்தச் சொல்லு எனக்கு வேண்டா.”



“யாரு?” என்றார்.

“என்ன யாரு?”

“கடைசியா ஒரு பேரு சொன்னீங்க.”

போனை வைத்துவிட்டேன். கோபத்தில் மைக் படத்தை அழுத்தி, ஒரு இன்ஸ்பெக்டரைத் திட்டுவதுபோல அந்தச் சொல்லைச் சொன்னேன். கருவிக்குக் குரலின் கோபம் தெரியாது. பூட்டு திறந்தது.

*

வாரத்தில் சில நாள் மதியம் எல்லோரும் ஒன்றாகத் திரையில் உட்காருவோம். கட்டம் கட்டமாக முகங்கள். எல்லாம் இருபது, இருபத்தைந்து வயது நர்ஸ் பெண்கள். நடுவில் ஒரு கட்டத்தில் நான்.

“தாத்தா, போன மேல தூக்குங்க. மீசை மட்டுந்தான் தெரியுது,” என்றாள் தூத்துக்குடியிலிருந்து பெனிட்டா.

“தாத்தா இல்ல. தோழர்.”

“சரி, தோழர் தாத்தா.”

டெல்ஃபின் டீச்சர் சிரிக்கவில்லை. வகுப்பைத் தொடங்கினார். ஒவ்வொருவராக டாங்கெ சொல்லச் சொன்னார். சொன்னவுடன் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“வேம்?”

யாருக்கு என்று பொருள். டாங்கெ என்று சும்மா விட்டால் அது பஸ் டிக்கெட் கிழிப்பது மாதிரி, யாருக்கு என்று சொன்னால்தான் வாக்கியம் முடியும் என்றார்.

பெனிட்டா அம்மாவுக்கு என்றாள். இன்னொருத்தி, காலையில் பஸ்ஸில் இடம் கொடுத்த அக்காவுக்கு என்றாள். என் முறை வந்தது. முன்கூட்டியே தேடி வைத்திருந்த சொல்லைப் போட்டேன்.

“நீமாண்டெம்.” யாருக்கும் இல்லை.

பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

“இலக்கணம் சரி,” என்றார் டீச்சர். “நாளைக்கும் கேப்பேன். அடுத்தவங்க.”

மறுநாளும் கேட்டார்.

“என்னை முதன்முதலா உள்ள வச்ச இன்ஸ்பெக்டருக்கு,” என்றேன்.

“இது நன்றியா, நக்கலா?”

“நக்கல்.”

“நக்கலுக்கும் அதே வேற்றுமைதான். நமக்கு ‘கு’ போடுற நாலாம் வேற்றுமை. அவங்களுக்கு அது மூணாவது. அடுத்தவங்க.”

இப்படியே போயிற்று. ஒவ்வொரு வகுப்பிலும் எல்லோருக்கும் அதே கேள்வி. ஒவ்வொரு வகுப்பிலும் ஒரு நக்கலைத் தயார் செய்து கொண்டுபோவேன். பெண்கள் அதற்காகவே காத்திருந்தார்கள். லத்திக்கு நன்றி சொன்னேன். என்னைக் கட்சியிலிருந்து நீக்கியவர்களுக்கு நன்றி சொன்னேன். ஒருநாள் எதுவும் தயாராக இல்லை. மின்சாரம் போய், ஆபீஸ் படிக்கட்டில் உட்கார்ந்து வகுப்பில் சேர்ந்தேன். எதிர்ச் சுவரில் யாரோ சுவரொட்டியைக் கோணலாக ஒட்டியிருந்தார்கள்.

“வேம்?”

“ஏகாம்பரத்துக்கு,” என்றேன்.

வாயிலிருந்து வந்துவிட்டது. நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். ஏகாம்பரம் பசை வாளியும் சுவரொட்டியுமாக ஊர் சுற்றிய ஆள். நான் வாளி தூக்குவேன். ஒவ்வொரு சுவரிலும், ஒட்டி முடித்ததை நான் எழுத்துக் கூட்டி வாசித்தால்தான் அடுத்த சுவருக்கு நகருவார். நான் படித்த பள்ளிக்கூடம் அவ்வளவுதான். அதற்குப் பிறகு துண்டறிக்கைகள். பட்டம் வாங்கியவர்களை மேடையில் மடக்கியிருக்கிறேன். எல்லாம் அந்தச் சுவர்களில் தொடங்கியது.



“ங்கெ இன்னும் கொஞ்சம் அழுத்தி,” என்றார் டீச்சர். “மறுபடி.”

மறுபடி சொன்னேன்.

*

‘ஏன்’ என்பதற்கு ஜெர்மனில் வாரும் என்று சொல்ல வேண்டும். முதன்முதலில் டீச்சர் என்னைப் பார்த்து “வாரும்?” என்று கேட்டபோது, “வந்துட்டேன் டீச்சர், பின்னால உக்காந்திருக்கேன்,” என்று சொல்லிவிட்டேன். அன்று வகுப்பே நடக்கவில்லை. அன்றுதான் டீச்சர் சிரித்ததைப் பார்த்தேன்.

அந்தச் சொல் எனக்குக் கிடைத்த மறு வாரமே அவருக்குப் போன் போட்டு, வாக்கியமாகச் சேர்த்துக் கேட்டேன். ஏன் இலவசமாகச் சொல்லிக் கொடுக்கிறீர்கள்?

“வினைச்சொல் தப்பு. ஆனா கேட்டுட்டீங்க,” என்றார். பதிலைத் தமிழில் சொன்னார்.

“போன புதுசுல எனக்கு ஒண்ணும் வெளங்காது. யாரு என்ன சொன்னாலும் யா, யாம்பேன். ஆமா, ஆமான்னு அர்த்தம். வார்டுல ஒரு வயசானவரு. பஸ் டிரைவரா இருந்தவரு. ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, ‘நீ ஒரு கழுதையா?’ன்னு கேட்டாரு. நான் யான்னேன்.”

நான் சிரித்தேன்.

“அவரு சிரிக்கல தோழர். அன்னையிலருந்து தினமும் காலைல சாப்பாட்டு அட்டைய எங்கிட்ட குடுத்து வாசிக்கச் சொல்லுவாரு. சூப்பு, ரொட்டி, உருளைக்கெழங்கு. தப்பா வாசிச்சா சாப்பிட மாட்டாரு. சரியா வாசிச்ச பெறகுதான் கரண்டிய எடுப்பாரு. ஒரு குளிர்காலம் முழுக்க.”

“அப்புறம்?”

“நான் முழு வாக்கியமா நன்றி சொல்லக் கத்துக்கிட்டேன். வீட்டுல கண்ணாடி பாத்துச் சொல்லிப் பாத்துட்டு வார்டுக்குப் போனேன். கட்டில்ல புது விரிப்பு போட்டிருந்தாங்க.”

கடற்காக்கைகள் கத்திக்கொண்டிருந்தன.

“அந்த வாக்கியத்த என்ன செஞ்சீங்க டீச்சர்?”

“நாளைக்கு மூணு மணிக்கு வகுப்பு,” என்றார்.

*

பேச்சை எழுதினேன். எனக்கு மூன்று நிமிடம் ஒதுக்கியிருந்தார்கள். டீச்சர் ஒரு வரியைக்கூட எழுதித் தரவில்லை. நான் எழுதியதில் தப்பான இடத்தைத் தொட்டு, தப்பு என்று மட்டும் சொல்வார். சரி எது என்று நானே தேட வேண்டும்.

கொலைகாரன் என்பதற்கு மோர்டர். ஒருவனுக்கும் அதே சொல், பலருக்கும் அதே சொல். நல்ல சிக்கனமான மொழி என்று மெச்சிக்கொண்டு ஏழு இடத்தில் போட்டேன்.

“இலக்கணம் சரியா?” என்று டீச்சரிடம் கேட்டேன்.

“சரி.”

“வேற ஏதாவது?”

“பேரு எங்க?”

“கடைசியில வருது.”

“வாசிங்க.”

வாசித்தேன். கம்பெனி கொடுத்த அடையாள அட்டையில் அவள் பெயரை ஆங்கிலத்தில் எப்படி எழுதியிருந்ததோ அதே எழுத்துகளை எழுதியிருந்தேன்.

“இத அவங்க ஃபெண்டான்னு வாசிப்பாங்க,” என்றார் டீச்சர். “அந்த முதல் எழுத்து, இங்கிலீஷ் வி, அவங்களுக்கு ஃப.”

எட்டாவது அநியாயம் என்று நினைத்தேன். செத்த பிறகும் அவள் பெயரை இன்னொரு விதமாகக் கெடுக்கக் காத்திருக்கிறார்கள்.

“அப்ப வே-க்கு அவங்ககிட்ட எழுத்தே கிடையாதா?”

“ரெட்டை வளைவு போட்ட எழுத்து ஒண்ணு இருக்கு. இங்கிலீஷ்ல டபிள்யூ. அத அவங்க என்ன சொல்லிக் கூப்பிடுவாங்க தெரியுமா?”

“தெரியாது.”

“வே.”

பக்கத்தில் இருந்த ஷமீலா எழுந்து ஜன்னல் பக்கம் போய்விட்டாள்.

அதிலிருந்து நர்ஸ் பெண்களோடு சேர்ந்து நானும் எழுத்துக் கூட்டிச் சொல்லப் பழகினேன். அங்கே போனில் பெயர் சொன்னால் எழுத்துக் கூட்டத்தான் கேட்பார்களாம். அவர்கள் தங்கள் பெயரைக் கூட்டினார்கள். நான் அவள் பெயரைக் கூட்டினேன். வே. ஏ. என். டே. ஆ. ஏகாம்பரத்தின் சுவர்களுக்குப் பிறகு நான் எழுத்துக் கூட்டியது அப்போதுதான்.

கூட்டத்துக்கு முந்தைய வகுப்பு. எல்லோரும் சொல்லி முடித்தார்கள். பெனிட்டாவுக்கு வேலை உத்தரவு வந்திருந்தது. அவள் வேம் என்ற கேள்விக்கு, “டீச்சருக்கும் தோழர் தாத்தாவுக்கும்,” என்று சொல்லி மூக்கை உறிஞ்சினாள். என் முறை வந்தபோது நான் பதில் சொல்லவில்லை. கேள்வி கேட்டேன்.

“டீச்சர், செத்தவங்களுக்கு நன்றி சொல்றதுக்கு இலக்கணத்துல எடம் இருக்கா? அதுக்கு வேற உருபு போடணுமா?”

டீச்சர் யோசிக்கவில்லை.

“அந்த வேற்றுமையில உயிரோட இருக்கவங்க, செத்தவங்கன்னு பிரிவு இல்ல தோழர்.”

*

கூட்டத்தன்று மதியம் சங்க ஆபீஸில் ஃபேனை நிறுத்தினோம், சத்தம் வரக்கூடாது என்று. ஷமீலாவும் அன்று பிழைத்த மற்ற இரண்டு பெண்களும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்திக்கு இன்னும் தழும்பு முழங்கை வரை இருக்கிறது. சேலை முந்தானையால் மூடி வைத்திருந்தாள். நான் சலவைச் சட்டை போட்டிருந்தேன். கையில் என் மூன்று பக்கம்.

உள்ளே போகும் முன் டீச்சருக்குப் போன் போட்டேன்.

“நீங்களும் கேட்டுக்கிட்டிருப்பீங்களா?”

“எனக்குப் பங்கு கிடையாது. உள்ள விட மாட்டாங்க.”

“கடைசியா ஏதாவது சொல்லுங்க டீச்சர்.”

“வேம்?” என்றார். போனை வைத்துவிட்டார்.

திரையில் ஒரு பெரிய ஹால் தெரிந்தது. மேடையில் நீள மேஜை. நடுவில் தலைவர், வெள்ளி முடிக்காரர். ஓரத்தில் கண்ணாடி போட்ட ஒரு வயதான அம்மாள் தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருந்தார். அவர்தான் நோட்டரி. கீழே வரிசை வரிசையாகப் பங்குதாரர்கள்.

தலைவர் ஏதோ அறிவித்தார். எனக்குப் புரிந்தது. யாரும் மொழிபெயர்க்காமல் புரிந்தது. சந்தோஷப்படத்தான் நேரம் இல்லை. பேச்சாளர்கள் அதிகமாகிவிட்டார்கள், ஆகவே இனிமேல் ஆளுக்கு ஒரு நிமிடம். உங்கள் புரிதலுக்கு நன்றி.

அந்த நன்றி எனக்குத் தெரிந்த நன்றிதான்.

“இன்னா சொன்னாரு?” என்றாள் ஷமீலா.

“ஒரு நிமிஷம்தானாம்.”

“அய்யோ. மூணு பக்கம் இருக்கே. இன்னா பண்ணப் போறீங்க?”

ஒரு நிமிடத்தில் என் துண்டறிக்கையின் தலைப்புகூட முடியாது. ஏழு மோர்டரில் எதை விடுவது என்று பார்த்தேன். அதற்குள் என் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள். மாசிலாமணி என்பதை அவர்கள் நசுக்கிய விதத்தைப் பற்றித் தனியாக ஒரு மனு எழுதலாம்.

பேப்பரைக் கவிழ்த்து வைத்தேன். ஷமீலா மைக்கைத் திறந்தாள். எனக்குத் தெரிந்த சின்ன வாக்கியங்களில் பேசினேன். ஜெர்மனில் பேசியதை இங்கே தமிழில் தருகிறேன்.

“வணக்கம். உங்கள் அறிக்கை, மூன்று பெண்கள் பிழைத்ததற்குப் பாதுகாப்பு ஏற்பாடுகளுக்கு நன்றி சொல்கிறது. அந்த மூன்று பெண்கள் என் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். கதவு பூட்டியிருந்தது. சாவி வெளியே இருந்தது. ஒரு பெண் அவர்களை ஓட்டை வழியாகத் தள்ளிவிட்டாள். அவள் வரவில்லை. நாங்கள் விசாரணை கேட்டோம். இன்றும் கேட்கிறோம். நீங்கள் தப்பான ஆளுக்கு நன்றி சொல்லிவிட்டீர்கள். நான் சரியான ஆளுக்குச் சொல்கிறேன். நான் வேண்டாவுக்கு நன்றி சொல்கிறேன்.”

தழும்புள்ள பெண் முந்தானையை எடுத்துவிட்டுக் கையைத் திரைக்கு நேராக மேஜைமேல் வைத்தாள்.

தலைவர் கடிகாரத்தைப் பார்த்தார். “டாங்கெ,” என்றார். “அடுத்தவர்.”

அப்போது ஓரத்தில் இருந்த அம்மாள் பேனாவோடு கையைத் தூக்கினார். தலைவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அந்த அம்மாள் அவரைப் பார்க்கவில்லை. கண்ணாடிக்கு மேலாகத் திரையை, எங்களைப் பார்த்தார்.

“மன்னிக்கவும். பதிவுக்காகக் கேட்கிறேன். கடைசிச் சொல் எனக்குச் சரியாகக் கேட்கவில்லை,” என்றார். பிறகு அந்த ஒரு கேள்வியைக் கேட்டார்.

“வேம்?”

நாற்பது வருடம் மைக் பிடித்தவன், மைக் முன்னால் நின்று பேச்சு வராமல் இருந்தேன். ஷமீலா என் தோளைத் தட்டினாள்.

“கேக்குறாங்க தோழரே. சொல்லுங்க.”

“வே,” என்றேன்.

அந்த அம்மாள் எழுதினார்.

“ஏ.”

எழுதினார்.

“என். டே.”

பெஞ்சில் இருந்த மூன்று பெண்களும் என்னோடு சேர்ந்து கடைசி எழுத்தைச் சொன்னார்கள். ஜெர்மன் படிக்காதவர்கள். ஆனால் நான் அந்த ஆபீஸில் உட்கார்ந்து எத்தனை நாள் கூட்டியிருக்கிறேன்.

“ஆ.”

நோட்டரி அம்மாள் பேனாவை வைத்தார். எழுதியதைச் சரிபார்க்க வாசித்துக் காட்டுவது அவருடைய முறையாம். எழுந்து நின்றார். ஹால் முழுவதும் கேட்கும்படி மைக்கைத் தன் பக்கம் இழுத்தார். பேச்சாளர் விசாரணை கோரினார் என்று வாசித்தார். பேச்சாளர் நன்றி கூறினார் என்று வாசித்தார். யாருக்கு என்பது அந்த மொழியில் வாக்கியத்தின் கடைசியில்தான் வந்தது. அதற்கு முன்னால் ஒரு தடவை மூச்சு எடுத்துக்கொண்டார்.

“வேண்டா.”